917 இருந்தும் 908 எதற்கு?

அஜித்குமார் மறுபடியும் ரேஸில் இறங்கியதிலிருந்து, அதுவரை கார் ரேஸ் பக்கமே வராதவர்கள்கூட என்னிடம் ஒரு கேள்வி கேட்கிறார்கள். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தை நேரலையில் பார்த்தபோது அவர்களுக்கு வந்த கேள்வி அது. ஒரே டிராக், ஒரே நேரம். முதுகில் பெரிய இறக்கை வைத்த ஜிடி3 கார்களும் ஓடுகின்றன, போர்ஷே கேமன் மாதிரி சின்னக் கார்களும் ஓடுகின்றன. நேர்பாதையில் பெரியது சட்டென்று தாண்டிப் போய்விடுகிறது. அப்புறம் வளைவுகள் நெருக்கமாக வரும் இடத்தில் இரண்டும் ஒட்டி ஒட்டி ஓடுகின்றன. "பெரிய வண்டிக்கும் சின்ன வண்டிக்கும் டிராக்கில் நிஜமான வித்தியாசம்தான் என்ன?"

வழக்கமாகச் சொல்லும் பதில் ஒன்று இருக்கிறது. எடைக்கு எத்தனை குதிரைத்திறன் என்று வகுத்துப் பார், கிலோவுக்கு அதிகம் உள்ள வண்டி ஜெயிக்கும். கார் பத்திரிகைகளும் இதையே அட்டவணை போட்டுக் காட்டும். இந்தக் கணக்கு நேர்பாதைக்குப் பொருந்தும். ஒரு முழு டிராக்குக்குப் போதாது. அதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த சாட்சி 1970-ஆம் ஆண்டு. அந்த வருடம் போர்ஷே நிறுவனம் ஒரே சாம்பியன்ஷிப்புக்கு ஒரு பெரிய காரும் ஒரு சின்னக் காரும் கையில் வைத்துக்கொண்டு, எந்த டிராக்குக்கு எதை அனுப்புவது என்று முடிவு செய்தது. இரண்டும் ஒரே பொறியாளர் கூட்டம் கட்டியவை. பெரும்பாலும் அதே ஓட்டுநர்கள். பெரிசு சின்னது வாதத்துக்கு இவ்வளவு சுத்தமான ஒப்பீடு அப்புறம் அதிகம் கிடைக்கவில்லை.

பெரியது 917. நாலரை லிட்டர், 12 சிலிண்டர், சுமார் 580 குதிரைத்திறன், 800 கிலோ. போர்ஷேயின் பொறியாளர்களுக்குத் தலைவராக இருந்த ஃபெர்டினாண்ட் பீயெக் பிடிவாதமாக நின்று கட்டவைத்த கார் அது. விதிப்படி 25 கார்கள் கட்டியாக வேண்டும் என்பதால் 1969 ஏப்ரலில் 25-ஐயும் தொழிற்சாலை வாசலில் வரிசையாக நிறுத்திக் காட்டினார்கள்.

சின்னது 908/03. மூன்று லிட்டர், 8 சிலிண்டர், சுமார் 350 குதிரைத்திறன், எடை 545 கிலோவை ஒட்டி. நீளம் மூன்றரை மீட்டர், அதாவது ஒரு மாருதி ஆல்டோவின் நீளம்தான்.

இப்போது வகுத்துப் பாருங்கள். 917-க்குக் கிலோவுக்கு 0.72 குதிரைத்திறன். 908/03-க்கு 0.64. கணக்கின்படி எல்லா டிராக்கிலும் 917 அல்லவா ஜெயிக்க வேண்டும்? போர்ஷே அப்படி நினைக்கவில்லை. வேகமான டிராக்குகளான மோன்ஸா, ஸ்பா, லு மான் ஆகிய இடங்களுக்கு 917. வளைவுகள் நிறைந்த டார்கா ஃப்ளோரியோவுக்கும் நூர்பர்க்ரிங்குக்கும் 908/03. எல்லா ரேஸுக்கும் ஓட்டியிருக்கக்கூடிய, தன்னிடம் இருந்ததிலேயே சக்தி மிகுந்த காரை அந்த இரண்டு ஊர்களுக்கு மட்டும் வேண்டாம் என்று வைத்துவிட்டு, இன்னொரு காரைப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். ரேஸ் நடத்துகிறவனுக்குப் பணம் ஒன்றும் மரத்தில் காய்ப்பதில்லை. காரணம் இல்லாமல் இதைச் செய்யமாட்டார்கள்.

அதற்கு முந்தைய வருடமே ஒரு பாடம் கிடைத்திருந்தது. 1969 நூர்பர்க்ரிங் 1000 கி.மீ. பந்தயத்தில் 917 ஓடியது. போர்ஷேயின் வழக்கமான ஓட்டுநர்கள் அதில் ஏற விரும்பாததால் டேவிட் பைப்பரையும் ஃபிராங்க் கார்ட்னரையும் வெளியிலிருந்து அழைத்து உட்காரவைத்தார்கள். அவர்கள் 8-ஆவது இடத்தில் முடித்தார்கள். அதே பந்தயத்தை, 908/03-க்கு முந்தைய வடிவமான 908-ல் ஜோ ஸிஃபெர்ட்டும் பிரையன் ரெட்மனும் ஜெயித்தார்கள். நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த வருட 917-க்கு வேகத்தில் வால் ஆடும் கோளாறு இருந்தது, காற்று அதைத் தரையோடு பிடித்து வைக்கவில்லை. ஆக அந்த 8-ஆம் இடத்தை மட்டும் வைத்துப் பெரிய கார் தோற்றது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. 1970-க்குள் பின்பக்கத்தை வெட்டிக் குட்டையாக்கி அந்தக் கோளாறைச் சரிசெய்துவிட்டார்கள். கார் நன்றாக ஓடியது. அப்புறமும் டார்கா பந்தயத்தில் அதை ஓட்டவில்லை என்பதுதான் விஷயமே.

டார்கா ஃப்ளோரியோ சிசிலித் தீவின் மடோனியே மலைகளில் நடந்த பந்தயம். அதற்கு என்று தனி டிராக் கிடையாது. மற்ற நாட்களில் ஜனங்கள் நடமாடும் அதே ஊர்ச்சாலைதான். ஒரு சுற்று 72 கி.மீ. 1970-ல் 11 சுற்று, மொத்தம் 792 கி.மீ. செர்தா, கால்டாவுட்டூரோ, கொல்லெசானோ என்று மலை ஊர்களின் நடுத்தெரு வழியாகவே கார்கள் பாய்ந்து போகும். நூற்றுக்கணக்கான வளைவுகள். எல்லாம் முடிந்து மலையிறங்கினால் கடலோரமாக 6 கி.மீ-க்கு மேல் ஒரே நேர்பாதை. லு மான் நேர்பாதைக்கு அது இளைத்ததல்ல. இதைப் படிக்கும்போது உங்களுக்குத் தோன்றுவது எனக்கும் தோன்றியது: அவ்வளவு நீள நேர்பாதை இருக்கும்போது 580 குதிரைத்திறன் அங்கே உதவாதா?

உதவும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த வருடம் லியோ கின்னுனென் 908/03-ல் போட்ட சுற்று 33 நிமிடம் 36 விநாடி. சராசரி 128 கி.மீ. அதுதான் அந்த மலைச்சுற்றில் எக்காலத்துக்குமான சாதனை. 6 கி.மீ. நேர்பாதையை 280-ல் போனால் சுமார் 77 விநாடி, 320-ல் போனால் 68 விநாடி. பெரிய காரால் அங்கே மிச்சம் பிடிக்க முடிந்தது பத்து விநாடிக்குள்தான். மீதி 32 நிமிடமும் வளைவுதான். ஒவ்வொரு வளைவிலும் பத்தில் ஒரு விநாடி பிந்தினாலே அந்தப் பத்து விநாடி பலமடங்காகத் திரும்பக் கொடுத்ததாகிவிடும்.

விக் எல்ஃபோர்ட் அந்த வருடம் பயிற்சியின்போது 917-ஐ அந்த மலையில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். எல்ஃபோர்ட் ராலி ஓட்டி வளர்ந்தவர். 1968-ல் மான்டி கார்லோ ராலியையும் அதே வருடம் டார்காவையும் ஜெயித்தவர். இப்படிப்பட்ட சாலைக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பது அரிது. அவரே களைத்துப்போய் இறங்கினார் என்று சொல்வார்கள்.

பந்தய முடிவு: ஸிஃபெர்ட்–ரெட்மன் 908/03-ல் முதலிடம், 6 மணி 35 நிமிடத்தில். பெட்ரோ ரோட்ரிகெஸ்–கின்னுனென் இன்னொரு 908/03-ல் இரண்டாமிடம். மூன்றாவதாக வந்தது ஐந்து லிட்டர் ஃபெராரி 512எஸ். அதை ஓட்டியவர்கள் இன்யாட்ஸியோ ஜுந்தியும் நினோ வாக்கரெல்லாவும். வாக்கரெல்லா பலெர்மோவில் பள்ளிக்கூடம் நடத்தியவர், அந்தச் சாலையைக் கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டுவார் என்று ஊரே நம்பிய மனிதர். பெரிய காரை அந்த மலையில் மூன்றாவதாகக் கொண்டுவர அப்படி ஒரு ஆள் தேவைப்பட்டார் என்றுதான் நான் அந்த முடிவைப் படிக்கிறேன்.

சரி, ஏன் இப்படி? கிலோவுக்குச் சக்தி குறைவாக இருந்தும் சின்னது எங்கே சம்பாதித்தது?

முதலில் டயர். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். டயரின் மேல் பாரத்தை இரண்டு மடங்காக்கினால் அதன் பிடிப்பு இரண்டு மடங்காவதில்லை. கூடும், ஆனால் அதே விகிதத்தில் கூடாது. அதனால் ஒரே டயரைப் போட்ட இரண்டு கார்களில் கனமான கார் ஒவ்வொரு கிலோவுக்கும் கொஞ்சம் குறைவான பிடிப்போடுதான் வளைவில் நுழைகிறது. டயரை அகலமாக்கி இதைச் சமாளிக்கலாம். 917-ன் பின் டயர்களைப் பார்த்தால் தெரியும், எவ்வளவு அகலம்! ஆனால் அகலமாக்க அகலமாக்கக் காற்றில் இடிக்கும், எடை கூடும், கார் பெருக்கும். பெரிய கார் இந்தச் சுழலிலிருந்து வெளியே வரவே முடியாது. ஒன்றைச் சரிசெய்யப் போனால் இன்னொன்று கனக்கும். சின்னக் காரில் இதே சுழல் தலைகீழாகச் சுற்றும். எடை குறைவு, அதனால் சிறிய பிரேக் போதும், அதனால் மெல்லிய சக்கரம் போதும், அதனால் எடை இன்னும் குறையும்.

இரண்டாவது, எடை எவ்வளவு என்பதோடு எடை எங்கே இருக்கிறது என்பது. 908/03-ல் போர்ஷே செய்த வேலை அழகானது. வழக்கமாகப் பின் அச்சுக்குப் பின்னால் தொங்கும் கியர்பாக்ஸை அச்சுக்கு முன்னால் இழுத்து வைத்தார்கள். அதனால் எஞ்சின் முன்னே தள்ளப்பட்டது, ஓட்டுநரும் முன்னே தள்ளப்பட்டார். அவருடைய பாதங்கள் முன் அச்சையும் தாண்டி இருந்தன. மோதினால் முதலில் கால்தான் போகும். அந்தக் கால ரேஸ் அப்படித்தான் இருந்தது, அதை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைக் கலக்குகிறது. ஆனால் கனமானவை எல்லாம் நடுவில் சேர்ந்ததால் கார் திரும்புகிற விதமே மாறியது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் ஒட்டி வைத்துக்கொண்டு சட்டென்று திரும்பலாம், அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு திரும்பினால் குடம் நம்மை இழுக்கும். இடது, வலது, இடது என்று மூச்சு விடாமல் வளைவு வரும் மலையில் இது எத்தனை விநாடியைக் கொண்டுவரும் என்று எந்த அட்டவணையும் சொல்லாது. குதிரைத்திறன் கணக்கில் இதற்கு ஒரு கட்டமே கிடையாது.

மூன்றாவது பிரேக். இதை நம்மூரிலேயே பார்க்கலாம். இருங்காட்டுக்கோட்டையில் உள்ள சென்னை ரேஸ் டிராக் 3.7 கி.மீ., 12 வளைவுகள். சொந்தக் காரைக் கொண்டுவந்து ஓட்டிப் பார்க்கும் நாட்களில் பிட் பக்கம் நின்று கவனிப்பது எனக்குப் பிடித்த வேலை. 400 குதிரைத்திறன் ஜெர்மன் செடான் ஒன்று வரும். முதல் இரண்டு சுற்று அதன் பக்கத்தில் யாராலும் நிற்க முடியாது. அப்புறம் பாருங்கள், நேர்பாதை முடிகிற இடத்தில் பிரேக் விளக்கு எரிகிற புள்ளி கொஞ்சம் கொஞ்சமாக வளைவைவிட்டுத் தள்ளிப் போகும். ஓட்டுகிறவர் பெடல் மேல் நம்பிக்கை இழக்கிறார் என்று அர்த்தம். கொஞ்ச நேரத்தில் அந்தக் கார் மெதுவாக உள்ளே வந்து நிற்கும். சக்கரத்திலிருந்து எரிந்த வாடை, வளையங்களுக்குப் பின்னால் லேசாகப் புகை. கை பிரேக் போடாதீர்கள் என்று பக்கத்திலிருந்து யாராவது கத்துவார்கள், சூட்டில் பேட் டிஸ்க்கோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால். அதே நேரம் வெளியே பழைய சின்ன ஹேட்ச்பேக் ஒன்று, 110 குதிரைத்திறன்கூட இருக்காது, அதே இடத்தில் அதே புள்ளியில் பிரேக் பிடித்துக்கொண்டு சுற்றிக்கொண்டே இருக்கும்.

கணக்கு எளிது. 200 கி.மீ. வேகத்தில் வரும் 1000 கிலோ காரை நிறுத்த பிரேக் விழுங்க வேண்டியது 15 லட்சம் ஜூலுக்குக் கொஞ்சம் மேல். 1700 கிலோ கார் என்றால் 26 லட்சம். பெரிய கார் நேர்பாதையில் இன்னும் வேகமாக வந்திருக்கும் என்பதால் நிஜத்தில் அதைவிடவும் அதிகம், ஏனென்றால் வேகம் வர்க்கத்தில் ஏறுகிறது. ஒவ்வொரு சுற்றிலும், ஒவ்வொரு வளைவிலும் இதே சூடு. சென்னை வெயிலில் அது ஆறுவதற்கும் நேரமில்லை.

இதெல்லாம் படித்துவிட்டுச் சின்னக் கார்தான் எப்போதும் ஒசத்தி என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. காற்று யாருக்கும் சலுகை தருவதில்லை. 100-லிருந்து 200-க்குப் போனால் காற்றைக் கிழிக்கத் தேவையான சக்தி எட்டு மடங்கு. அந்த வேகத்தில் எடை கிட்டத்தட்ட ஒரு பொருட்டே இல்லை, எஞ்சின்தான் பேசும். காரின் எடையைப் பாதியாக்கலாம், ஆனால் ஓட்டுநரின் தோளைப் பாதியாக்க முடியாது. அதனால் சின்னக் கார் காற்றுக்குக் காட்டும் முகம் எடை குறைந்த அளவுக்குக் குறைவதில்லை. திறந்த சக்கரம் வைத்த கேட்டர்ஹாம் மாதிரிக் கார்கள் 160 வரை யாரையும் விரட்டிவிட்டு அப்புறம் சுவரில் மோதியதுபோல் நிற்பது இதனால்தான்.

ஸ்பாவையும் லு மானையும் பாருங்கள். 1971 லு மானில் ஹெல்முட் மார்கோவும் கைஸ் வான் லென்னெப்பும் 917-ல் 24 மணி நேரத்தில் 5,335 கி.மீ. ஓடினார்கள். சராசரி 222. அந்தத் தூரத்தை 2010 வரை யாராலும் மிஞ்ச முடியவில்லை. அதே வருடம் பழைய ஸ்பா சாலையில் ரோட்ரிகெஸும் ஜாக்கி ஆலிவரும் 1000 கி.மீ-யை 249 சராசரியில் முடித்தார்கள். பிரேக்கில் காலே வைக்கவில்லையோ என்று தோன்றும் சராசரி அது. அங்கே 908/03-ஐ அனுப்பியிருந்தால் பரிதாபமாக இருந்திருக்கும். ஆனாலும் லு மான் நீண்ட பந்தயம், மழையும் பெய்யும். அதனால் அங்கேயும் சின்னக் காருக்கு ஒரு வாசல் திறந்தே இருந்தது. 1969-ல் ஹான்ஸ் ஹெர்மன் 908-ல், ஜாக்கி இக்ஸ் ஐந்து லிட்டரை ஒட்டிய ஃபோர்டு ஜிடி40-ல். 24 மணி நேரம் ஓடி, கடைசியில் வித்தியாசம் சுமார் 120 மீட்டர். ஃபோர்டு ஜெயித்தது. அடுத்த வருடம் கொட்டும் மழையில் 917 முதலிரண்டு இடங்களை எடுத்தபோது மூன்றாவதாக வந்ததும் ஒரு 908-தான்.

இன்றைய காலத்துக்கு வந்தால் ஒப்பீடு குழம்பிவிடுகிறது. இப்போதைய பெரிய கார்களுக்குக் கார்பன் செராமிக் பிரேக், காற்றைப் பார்த்து அசையும் இறக்கை, ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியாகச் சக்தியைப் பங்கிடும் கணினி எல்லாம் இருக்கின்றன. எடையின் பாவத்தை இவை எல்லாம் சேர்ந்து கழுவுகின்றன. சின்னக் கார்களோ சின்னதாக இல்லை. 1996-ல் வந்த முதல் லோட்டஸ் எலீஸ் 725 கிலோ. 2021-ல் வந்த போர்ஷே கேமன் ஜிடி4 ஆர்எஸ் 1,415 கிலோ, தன் அண்ணன் 911 ஜிடி3-க்கு ஏறக்குறைய சமம். பெயரில் மட்டும் தம்பி. மாஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்றுதான் இத்தனை விதிகளுக்கும் நடுவே ஆயிரம் கிலோவை ஒட்டியே பிடிவாதமாக நிற்கிறது. அந்தப் பிடிவாதத்துக்காகவே அந்த நிறுவனத்தின் மேல் எனக்குத் தனி மரியாதை.

எனக்கு மிகவும் பிடித்த இக்கால உதாரணம் நூர்பர்க்ரிங்கில்தான் இருக்கிறது. 2009-ல் மிக்கேல் ஃபெர்கெர்ஸ் ராடிக்கல் எஸ்ஆர்8 எல்எம் என்ற காரில் 6 நிமிடம் 48 விநாடியில் சுற்றினார். சுமார் 700 கிலோ, 455 குதிரைத்திறன். அந்த வி8 எஞ்சின் சுஸுகி ஹயபூசா பைக்கின் எஞ்சினை அடிப்படையாக வைத்துச் செய்தது. நம்பர் பிளேட் மாட்டி, ரோட்டில் ஓட்டக்கூடிய டயர் போட்ட கார். நான்கு வருடம் கழித்து 2013-ல் போர்ஷே தன் 918 ஸ்பைடரைக் கொண்டுவந்தது. 887 குதிரைத்திறன், ஹைப்ரிட், 1,600 கிலோவுக்கு மேல். நேரம் 6 நிமிடம் 57 விநாடி. இரண்டுமே 20.6 கி.மீ. சுற்று என்பதால் அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் (பிந்தைய வருடங்களில் முழுச் சுற்றான 20.832 கி.மீ-யை அளக்கிறார்கள், பழைய நேரத்தோடு அவற்றைச் சேர்த்துப் பேசுகிற பட்டியல்களை நம்பாதீர்கள்). ராடிக்கலை ரோட்டுக் கார் என்றே ஒப்புக்கொள்ளக் கூடாது என்று பலர் சொல்கிறார்கள். மழை வந்தால் நனைகிற, பெட்டி வைக்க இடமில்லாத காரைப் பற்றி அப்படிச் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் நாம் பேசுவது டிராக்கைப் பற்றி. அங்கே ஓட்டை உடைசல் இல்லாத நிரூபணம் அது.

ஆகவே அடுத்த முறை கலவையாக ஓடும் ரேஸைப் பார்க்கும்போது சுற்று நேரத்தை விட்டுவிட்டு, ஒரே வளைவைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு அரைமணி நேரம் அதையே பாருங்கள். பிரேக் விளக்கு எங்கே எரிகிறது, வளைவின் நடுவில் யார் மெதுவாகிறார்கள், வெளியே வரும்போது யார் முதலில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிக்கிறார்கள். இதற்கு இருங்காட்டுக்கோட்டையே போதும். ஒலியை வைத்தே சொல்லிவிடலாம். சின்னக் காரின் எஞ்சின் சத்தம் வளைவில் கொஞ்சமாகத் தாழ்ந்து உடனே ஏறும். பெரியது நீளமாகத் தாழ்ந்து, ஒரு கணம் காத்திருந்து, அப்புறம் கர்ஜிக்கும்.

போர்ஷேயின் அந்த இரட்டை ஏற்பாடு அதிக நாள் நீடிக்கவில்லை. 1972-லிருந்து ஐந்து லிட்டர் கார்களை விதி வெளியே தள்ளியது, மூன்று லிட்டருக்கு மேல் கூடாது. 917 அமெரிக்காவுக்குப் போய் கேன்-ஆம் பந்தயத்தில் டர்போவோடு ஆயிரம் குதிரைத்திறனைத் தாண்டியது. 908/03 தனியார் கைகளுக்குப் போனது. அவர்களில் ஒருவர் ரைன்ஹோல்ட் யோஸ்ட். பழைய சேஸிஸில் டர்போ வைத்த சிறிய 6 சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தி, 1976-ல் நூர்பர்க்ரிங் 300 கி.மீ. பந்தயத்துக்கு வந்தார். பிரான்சின் அல்பைன் அணியின் கார்கள் இரண்டும் முதல் சுற்றிலேயே தடுமாறின. யோஸ்ட் ஜெயித்தார்.